ஃபேன்டசி ஃபுட்பால்ல மிட்ஃபீல்டு செட் பண்றது எப்டி? புதுசா சேர்றவங்களுக்கு

ஆடிப்பெருக்கு முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆரம்பிச்சிரும், ஆரம்பிச்ச கையோட நம்ம கும்மோணம் மாயவரம் பக்கத்து பசங்க வாட்ஸாப்ல லீக் கோட் ஒண்ண போட்டு "அண்ணே வாங்கண்ணே, ஃப்ரீதான்"னு இழுத்து விட்ருவாங்க. ஃபேன்டசின்னா வேற ஒண்ணுமில்ல, நெஜ மேட்ச் ஆடறவங்கள நாம பொறுக்கி ஸ்க்ரீன்ல ஒரு டீம் கட்டறது, அவங்க நெஜத்துல ஆடறதுக்கு நமக்கு பாயின்ட்டு. சேர்ந்தவங்க கேக்கற மொத கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "எந்த ஃபார்மேஷன் பெஸ்ட்டு, 3-5-2வா 4-4-2வா?" (கீப்பர விட்டுட்டு கீழேர்ந்து டிஃபென்டர், மிட்ஃபீல்டர், ஃபார்வர்டு எத்தன பேருன்ற கணக்கு அது.)

கேள்வியே பாதி தப்பு. ஃபேன்டசில நீங்க போடற ஃபார்மேஷன் எதிராளி டீம ஒண்ணும் பண்ணாது, உங்க மிட்ஃபீல்டர் போயி அவன் மிட்ஃபீல்டர மார்க் பண்ணப் போறதில்ல, அவன் அஞ்சு டிஃபென்டர் போட்டா உங்களுக்கு கோல் கொறையப் போறதும் இல்ல. உங்க ஸ்க்ரீன்ல இருக்கற ஃபார்மேஷன் வெறும் பாயின்ட் கணக்கு. நெஜ டேக்டிக்ஸ் நடக்கறது ஆன்ஃபீல்டு, எமிரேட்ஸ் மாதிரி நெஜ கிரவுண்டுல, அங்க எந்த மிட்ஃபீல்டு எந்த மிட்ஃபீல்டோட மோதுது, அதனால யாருக்கு எடம் கெடைக்குது, அத பாத்து ஆள எடுக்கறதுதான் வேல. இந்த ரெண்டையும் போட்டு கொழப்பிக்காம இருந்தாலே குரூப்ல பாதி பேர தாண்டிரலாம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் இங்க சொல்றது பிரீமியர் லீக்கே நடத்தற அஃபிஷியல் ஃபேன்டசி, காசு கட்ட வேண்டாம், வெளையாட்டுக்கு மட்டும். காசு கட்டி ஆடற ஆப் எதுவும் இதுல சேத்தி இல்ல, 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துக்கு அப்பறம் அதெல்லாம் நம்ம ஊர்ல தடை. எவனாவது "அண்ணே 500 ரூவா போட்டா"ன்னு லிங்க் அனுப்புனா தொடவே தொடாதீங்க.

மொத படி: கணக்க மனப்பாடம் பண்ணுங்க

மொத்தம் 15 பேர் எடுக்கணும், கையில 100 மில்லியன், வெளையாட்டு காசுதான். 2 கீப்பர், 5 டிஃபென்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒரு கிளப்லேர்ந்து 3 பேருக்கு மேல கூடாது. வாராவாரம் அதுல 11 பேர எறக்கணும், கொறைஞ்சது 3 டிஃபென்டர், 2 மிட்ஃபீல்டர், 1 ஃபார்வர்டு இருக்கணும், மத்தபடி உங்க இஷ்டம்.

இப்ப முக்கியமானது. ஒரே கோல், யார் அடிக்கறாங்கன்றத பொறுத்து வெல மாறும். டிஃபென்டர் அடிச்சா 6, மிட்ஃபீல்டர் அடிச்சா 5, ஃபார்வர்டு அடிச்சா 4. அசிஸ்ட், அதாவது கோலுக்கு பந்த எடுத்துக் குடுக்கறது, யார் குடுத்தாலும் 3. டீம் கோலே வாங்காம முடிச்சா அதுதான் கிளீன் ஷீட், அதுக்கு டிஃபென்டருக்கும் கீப்பருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1, ஃபார்வர்டுக்கு சைபர். 60 நிமிஷம் ஆடுனா 2, அதுக்கு கீழ 1. மஞ்ச கார்டு மைனஸ் 1, செவப்பு கார்டு மைனஸ் 3, பெனால்டிய தவறவிட்டா மைனஸ் 2. மேட்ச்ல நல்லா ஆடுன மூணு பேருக்கு 3, 2, 1ன்னு போனஸ் தனி.

ஒரு மேட்ச்ச வெச்சு போட்டு பாருங்க. டீம் 1-0 ஜெயிக்குது, முழு மேட்ச்சும் ஆடுன ஒருத்தர் அந்த கோல அடிக்கறாரு. அவர் லிஸ்ட்ல ஃபார்வர்டா இருந்தா 2ம் 4ம் 6. மிட்ஃபீல்டரா இருந்தா 2, 5, 1, ஆக 8. டிஃபென்டரா இருந்தா 2, 6, 4, மொத்தம் 12. அதே கால், அதே கோல். இதனாலதான் அனுபவஸ்தனுங்க எல்லாம் மிட்ஃபீல்டுலயே காச கொட்றானுங்க, ஏன்னா கோல் அடிக்கறவன் நெறைய பேரு அங்க லிஸ்ட் ஆகியிருக்கான், டிஃபென்டர் என்னதான் 12 வாங்குனாலும் வருஷத்துக்கு எத்தன கோல் அடிச்சிருவான்.

ரெண்டாவது படி: உங்க ஃபார்மேஷன், அதாவது உங்க பெஞ்ச்

ஃபார்மேஷன தேர்ந்தெடுக்கறதுன்னா நெஜமா யார ஒக்கார வைக்கறதுன்றதுதான். 3-5-2 போட்டா பெஞ்ச்ல ரெண்டு டிஃபென்டர் ஒரு ஃபார்வர்டு. 3-4-3ன்னா ரெண்டு டிஃபென்டர் ஒரு மிட்ஃபீல்டர். 4-4-2ன்னா வகைக்கு ஒருத்தர். 5-2-3 கூட போடலாம், ரூல் ஒத்துக்கும், ஆனா மூணு மிட்ஃபீல்டர ஒக்கார வெச்சிட்டு என்னத்த ஜெயிக்கறது.

காச எப்டி பங்கு போடறதுன்னா, மேட்டூர் தண்ணி கடைமடை வரைக்கும் போயி சேரணும்னு வருஷா வருஷம் நாம சண்ட போடறோம்ல, இங்க அதுக்கு நேர் எதிரு, கடைமடை காயணும். பெஞ்ச்ல இருக்கற கடைசி ஆளுக்கு 4.5 மில்லியன் மிட்ஃபீல்டரோ 4.0 டிஃபென்டரோ போதும், அந்த காச மேல ஆடறவன்கிட்ட போடுங்க. ஒரே ஒரு கண்டிஷன், பெஞ்ச்ல மொத ஆளா இருக்கறவன் அவன் கிளப்ல நெஜமா ஆடறவனா இருக்கணும்.

ஏன்னா ஆட்டோ சப்னு ஒண்ணு இருக்கு, உங்க பதினோரு பேர்ல ஒருத்தன் அந்த வாரம் ஒரு நிமிஷம்கூட ஆடலைனா பெஞ்ச்லேர்ந்து வரிசைப்படி ஆள் தானா உள்ள வரும், ஆனா ஃபார்மேஷன் ரூல் ஒடையக்கூடாது. மூணு டிஃபென்டரோட எறங்கிட்டு அதுல ஒருத்தன் ஆடலைனா பெஞ்ச்ல இருக்கற டிஃபென்டர்தான் வரமுடியும், மொத ஆளா ஒக்காந்திருக்கற மிட்ஃபீல்டர தாண்டிட்டு போயிரும். அந்த டிஃபென்டரும் 4.0 மில்லியன் டம்மியா இருந்தா அவ்ளோதான், பத்து பேரோட ஆடி முடிக்க வேண்டியதுதான். 4-4-2, 4-3-3 போட்டவனுக்கு இந்த தொல்ல கெடையாது, நாலுல ஒருத்தன் போனாலும் இன்னும் மூணு இருக்கு, யாரு வேணா வரலாம்.

இன்னொரு கொடும ஒண்ணு இருக்கு. உங்க ஆளு 89வது நிமிஷம் சப்பா எறங்குனா அவனுக்கு 1 பாயின்ட்டு, உங்க பெஞ்ச் ஆளு வெளியவே நிப்பான், அவன் அன்னைக்கு ரெண்டு கோல் அடிச்சிருந்தாலும் சரி. கேப்டன் கதையும் இதேதான், கேப்டன்னு நீங்க போடற ஆளுக்கு பாயின்ட்டு டபுள், ஆனா அவன் ஒரு நிமிஷம் ஆடிட்டா வைஸ் கேப்டன் உள்ள வரமாட்டான், 1 டபுளாகி 2. அதனாலதான் கோச்சு எப்ப யார ஒக்கார வைப்பாருன்னு தெரியாம மான்செஸ்டர் சிட்டி மிட்ஃபீல்டர கேப்டன் போடறவன பாத்தா எனக்கு பாவமா இருக்கும்.

எந்த ஃபார்மேஷன்னு கேட்டே ஆகணும்னா என் ஓட்டு இதுக்குதான்: மொத சில வாரம் 3-4-3, 3-5-2 ரெண்டுக்கும் மாத்திக்கற மாதிரி ஸ்குவாட கட்டுங்க, நாலு நல்ல மிட்ஃபீல்டர், ரெண்டு நல்ல ஃபார்வர்டு, அப்பறம் அஞ்சாவது மிட்டும் மூணாவது ஃபார்வர்டும் அவ்வளவா வெல இல்லாத ஆனா ஆடற ஆளுங்க. அந்த வார மேட்ச்ச பாத்து ரெண்டுல ஒருத்தன எறக்கிக்கலாம்.

மூணாவது படி: லிஸ்ட்ல மிட்ஃபீல்டர், நெஜத்துல யாரு?

இதுதான் முழு கட்டுரையோட உயிர், மத்தத படிக்காட்டியும் இத படிங்க.

சீசன் ஆரம்பத்துல ஃபேன்டசிகாரன் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொசிஷன் குடுத்துருவான், அந்த சீசன் முழுக்க அது மாறாது. ஆனா கோச்சு வாராவாரம் மாத்துவாரு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிலதான் பாயின்ட்டு கொட்டிக் கெடக்கு.

முகமது சலா லிவர்பூல்ல வலது விங்கரா, அதாவது ஓரத்துல ஓடறவரா, ஆடுனவரு, பாதி நேரம் பெனால்டி பாக்ஸுக்குள்ளதான் நின்னாரு, லிஸ்ட்ல மிட்ஃபீல்டர். 2024-25 சீசன்ல 29 கோல், 18 அசிஸ்ட், ஃபேன்டசில 344 பாயின்ட், அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டு 303, அதுவும் அவரேதான் 2017-18ல வெச்சது. அந்த 29 கோலும் ஃபார்வர்டு ரேட்டுல வந்திருந்தா அங்கயே 29 பாயின்ட் போயிருக்கும், கிளீன் ஷீட் பாயின்ட்டும் வந்திருக்காது. அவரு அந்த சீசன் ஆரம்பிச்சப்ப வெல 12.5, அடுத்த வருஷம் 14.5ன்னு ஏத்திட்டானுங்க, சும்மா விடுவானுங்களா.

கை ஹாவெர்ட்ஸ் 2023-24ல மிட்ஃபீல்டர்னு லிஸ்ட்ல இருந்தாரு, சீசன் பின்பாதில ஆர்செனலுக்கு ஸ்ட்ரைக்கராவே ஆடுனாரு, வெச்சிருந்தவனுக்கு ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பாயின்ட்டு சும்மா கெடைச்சுது. அடுத்த சீசன் ஃபார்வர்டுன்னு மாத்திட்டாங்க. கோல் பால்மர் அதே 2023-24ல செல்சிக்கு 22 கோல் அடிச்சாரு, அதுல 9 பெனால்டி. பெனால்டி எடுக்கற மிட்ஃபீல்டர்னா கண்ண மூடிட்டு ஒரு தடவ யோசிக்கலாம், 5 பாயின்ட்டு கோல் அது.

எதிர் திசையிலயும் நடக்கும். புரூனோ ஃபெர்னான்டஸ் வருஷக்கணக்கா 10ம் நம்பர் எடத்துல, அதாவது ஸ்ட்ரைக்கருக்கு நேர் பின்னாடி, ஆடுனவரு, அப்ப கோச்சா இருந்த ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 3-4-2-1 கொண்டு வந்தப்பறம் 2025-26 ஆரம்பத்துல நடுவுல இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தரா கீழ எறக்கிட்டாங்க. பெனால்டியும் கார்னரும் அவர்கிட்டயே இருந்ததால தப்பிச்சாரு, அது இல்லாத வேற ஒருத்தரா இருந்தா அன்னைக்கே வித்திருக்கணும்.

இத எப்டி கண்டுபிடிக்கறது? ஒரு மேட்ச் முடிஞ்சதும் சோஃபாஸ்கோர் ஆப்ப தொறந்து அந்த ஆளோட ஹீட்மேப்பையும் டீமோட ஆவரேஜ் பொசிஷனையும் பாருங்க. ஆவரேஜ் பொசிஷன் நடுக்கோட்டுக்கு இந்தப்பக்கம், அதாவது தன் கோல் பக்கம், இருந்தா அவன் பேருக்கு மிட்ஃபீல்டரு, உங்களுக்கு வாரத்துக்கு 2 பாயின்ட்டு குடுக்கற ஆளு. பாக்ஸ் ஓரத்துல செவப்பா இருந்தா வெலய பாருங்க. ஒரு மேட்ச்ச வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு நாலு மேட்ச் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஷாட்டு எத்தன, பாக்ஸுக்குள்ள எத்தன தடவ பந்த தொட்டான், எக்ஸ்ஜி எவ்ளோ, இதெல்லாம் கூட பாத்தா நல்லது. எக்ஸ்ஜின்னா அவனுக்கு கெடைச்ச சான்ஸுக்கு சராசரியா எத்தன கோல் வந்திருக்கணும்ன்ற கணக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. கோல் அடிக்காத வாரத்துலயும் எக்ஸ்ஜி நல்லா வந்துட்டே இருந்தா கொஞ்சம் பொறுங்க, வித்துறாதீங்க.

நாலாவது படி: மிட்ஃபீல்டும் மிட்ஃபீல்டும் மோதறப்ப

இப்ப அந்த வார மேட்ச் லிஸ்ட்ட எடுத்துக்குங்க. நெறைய பேரு "யாரு எதிரி, லேசா கஷ்டமா"ன்னு கலர பாத்துட்டு போயிருவாங்க, பச்ச கலர்னா லேசு செவப்புன்னா கஷ்டம். அது பத்தாது. ரெண்டு டீமோட ஃபார்மேஷனையும் ஒரு பேப்பர்ல எதிரெதிரா எழுதுங்க, நடுவுல மட்டும் பாருங்க.

4-3-3க்கு எதிரா 4-2-3-1 வந்தா (அந்த 3ல ஓரத்து ரெண்டு பேர விட்டுட்டு பாருங்க) நடுவுல மூணுக்கு மூணு. முக்கோணம்தான் தல கீழ இருக்கும், ஒருத்தன்கிட்ட கீழ ஒத்த ஆளு, இன்னொருத்தன்கிட்ட மேல ஒத்த ஆளு, அதாவது இவன் 10ம் நம்பரும் அவன் 6ம் நம்பரும் (டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு காவல் காக்கறவன்) நேருக்கு நேர். அந்த 6ம் நம்பர் கெட்டியான ஆளா இல்ல வழக்கமா ஆடறவன் காயத்துல இருக்கானான்னு பாருங்க, கெட்டியா இல்லன்னாலோ காயம்னாலோ இவன் 10ம் நம்பர எடுங்க. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. சிட்டியோட 6ம் நம்பர் எடத்துல ஆடுன ரோட்ரிக்கு 2024 செப்டம்பர்ல ஆர்செனல் மேட்ச்ல முட்டி போச்சு, சீசனே போன மாதிரி ஆச்சு. நவம்பர் 23ந்தேதி சிட்டி கிரவுண்டு எதிஹாட்ல மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவரு வாங்குன பாலன் டி'ஓர், அதான் வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது, அத எடுத்து ரசிகர்களுக்கு காட்டுனாரு, அப்பறம் கேலரிக்கு போயிட்டாரு, டோட்டன்ஹாம் வந்து 4-0 அடிச்சிட்டு போனாங்க, மொத ரெண்டு கோலும் மிட்ஃபீல்டர் ஜேம்ஸ் மேடிசன். அன்னைக்கு ஃபிக்ஸ்சர் லிஸ்ட்ல சிட்டி வெளியூர் மேட்ச்சுன்னா செவப்புதான். கலர பாத்தவன் மேடிசன பெஞ்ச்ல போட்டிருப்பான்.

4-4-2க்கு எதிரா 4-3-3 வந்தா (4ல ஓரத்து ரெண்டு பேர விட்டுட்டா) நடுவுல ரெண்டுக்கு மூணு. மூணு பேரு இருக்கற டீம்கிட்ட பந்து நெறைய நேரம் இருக்கும், ஓடி ஓடி அலையறது அந்த ரெண்டு பேருதான். ஆனா 4-4-2ன்னா மட்டம்னு நெனைக்காதீங்க. லெஸ்டர் 2015-16ல அத வெச்சுதான் சாம்பியன் ஆனாங்க, நடுவுல கான்டேவும் டிரிங்க்வாட்டரும், அந்த சீசன் டேக்கிள் (கால்லேர்ந்து பந்த பறிக்கறது), இன்டர்செப்ஷன் (பாஸ நடுவுல பாஞ்சு எடுக்கறது) ரெண்டுலயும் கான்டேதான் லீக்ல மொதல்ல. பந்த பறிச்ச மறு நொடி மஹ்ரெஸுக்கும் வார்டிக்கும் போயிரும். ரியாத் மஹ்ரெஸ் லிஸ்ட்ல மிட்ஃபீல்டர், 17 கோல். ஸோ, பந்து கம்மியா வெச்சிருக்கற டீம்னா நடு ரெண்டு பேர விட்டுட்டு ஓரத்துல கவுன்டர் ஓடறவன பாருங்க.

3-4-2-1 கொஞ்சம் தனி கேஸு. கிரிஸ்டல் பேலஸ் கோச்சு ஆலிவர் கிளாஸ்னர்கிட்ட இப்டித்தான் ஆடுனாங்க, 2025 மே மாசம் எஃப்ஏ கப் ஃபைனல்ல சிட்டிய 1-0 ஜெயிச்சதும் இதுலதான், கோல் அடிச்ச எபெரெச்சி எஸே, ஸ்ட்ரைக்கருக்கு பின்னாடி நிக்கற அந்த ரெண்டு 10ம் நம்பர்ல ஒருத்தரு. இந்த செட்டப்ல மேட்டர் என்னன்னா அந்த ரெண்டு பேரும் எதிர் டீமோட சென்டர் பேக்குக்கும் (நடு டிஃபென்டர்) ஃபுல் பேக்குக்கும் (ஓரத்து டிஃபென்டர்) நடுவுல நிப்பாங்க, யாரு மார்க் பண்றதுன்னு எதிராளி கொழம்புவான். ஓரத்துல விங் பேக் மேல ஏறி வருவான், டேனியல் முன்யோஸ் மாதிரி, லிஸ்ட்ல டிஃபென்டர் ஆனா நிக்கறது எதிராளி பாக்ஸ்ல. மேல போட்ட கணக்குல டிஃபென்டர் கோல் 6, கிளீன் ஷீட் 4. புரியுதுல்ல? செல்சி 2016-17ல ஆர்செனல்கிட்ட 3-0 ஒத வாங்கிட்டு 3-4-3க்கு மாறி தொடர்ச்சியா 13 லீக் மேட்ச் ஜெயிச்சப்ப மார்கோஸ் அலான்சோவ வெச்சிருந்தவன் எல்லாம் இதத்தான் அனுபவிச்சான். கோச்சு ஃபார்மேஷன மாத்துன மொத வாரமே அந்த டீமோட விங் பேக் யாருன்னு பாத்து வெச்சுக்குங்க, வெல ஏறறதுக்கு முன்னாடி.

அப்பறம் 5-4-1. கீழ ஒக்காந்துகிட்டு பஸ்ஸ நிறுத்தறவங்க. இவங்களுக்கு எதிரா நடுவுல ஓடிவந்து அடிக்கற மிட்ஃபீல்டர் முட்டி முட்டி நிப்பான், எடமே இருக்காது. அந்த மாதிரி மேட்ச்ல கோல் வர்ற வழி ரெண்டு, கார்னர் இல்ல தூரத்துலேர்ந்து அடிக்கறது. அதனால கார்னர், ஃப்ரீகிக் எடுக்கறவன பாருங்க, ஆர்செனல்ல டெக்லன் ரைஸ் மாதிரி. தலையில அடிக்கற சென்டர் பேக்கும் அன்னைக்கு நல்ல சாய்ஸ்.

அஞ்சாவது படி: டேக்கிளுக்கும் காசு

2025-26 சீசன்லேர்ந்து புதுசா ஒரு ரூல் வந்துச்சு, டிஃபென்சிவ் கான்ட்ரிபியூஷன், பசங்க சுருக்கமா டெஃப்கான்னு சொல்வானுங்க. டிஃபென்டர் ஒரு மேட்ச்ல கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேத்து 10 பண்ணிட்டா 2 பாயின்ட். மிட்ஃபீல்டர், ஃபார்வர்டுக்கு 12 பண்ணணும், ஆனா அவங்களுக்கு லூஸ் பந்த மீட்டெடுக்கறதும் கணக்குல சேரும். ஒரு மேட்ச்சுக்கு 2க்கு மேல கெடையாது, 24 பண்ணாலும் 2தான்.

இதுக்கு முன்னாடி 6ம் நம்பர் மிட்ஃபீல்டர எவனும் சீந்த மாட்டான். இப்ப எலியட் ஆண்டர்சன், மோய்சஸ் கைசேடோ மாதிரி ஆளுங்க கோலே இல்லாம 2ம் 2ம் 4 வாங்கிட்டு போறாங்க, கிளீன் ஷீட் வந்தா 5. அஞ்சாவது மிட்ஃபீல்டர் எடத்துக்கு இது போதும், கோல் அடிப்பானோ மாட்டானோன்னு கும்புட்டுகிட்டே ஒக்கார வேண்டாம்.

இத நாலாவது படியோட சேத்து பாத்தாதான் ருசி. மேல சொன்னேன்ல ரெண்டுக்கு மூணுன்னு, அந்த அலையற ரெண்டு பேருக்குதான் 12 வரும். பந்தையே வெச்சுகிட்டு சுத்தற டீமோட 6ம் நம்பருக்கு வராது, அவனுக்கு பறிக்க என்ன இருக்கு. அதனால இந்த வகை ஆளுக்கு மட்டும் ஃபிக்ஸ்சர் கணக்கு தலகீழ், பெரிய டீமுக்கு எதிரா வெளியூர்ல ஆடறப்பதான் எறக்கணும். கிளீன் ஷீட் போனா போகுது, 1 பாயின்ட்டுதானே. சென்டர் பேக்குக்கும் இது பொருந்தும், ஆனா அவனுக்கு ரெண்டு கோல் வாங்குனா மைனஸ் 1னு ஒரு வெட்டு இருக்கு, மிட்ஃபீல்டருக்கு அதுவும் கெடையாது. இந்த ரூல் வந்தப்பறம் நாலு டிஃபென்டர் போடறவன நான் கிண்டல் பண்றதில்ல.

ஆறாவது படி: ஹெட் டு ஹெட்ல எதிராளிய எடை போடறது

குரூப் லீக் ரெண்டு வகை. மொத்த பாயின்ட்ட கூட்டறது ஒண்ணு, வாராவாரம் ஒருத்தனோட ஒருத்தன் மோதறது இன்னொண்ணு, ஜெயிச்சா 3, டிரா ஆனா 1. நம்ம பக்கம் ரெண்டாவதுக்குதான் மவுசு, ஏன்னா திங்கக்கெழம காலைல டீக்கடைல ஒருத்தன் மூஞ்சிய பாத்து சிரிக்கணும்ல.

இந்த வாரம் உங்களுக்கு எதிரா மன்னார்குடி பங்காளின்னு வெச்சுக்குங்க. அவன் டீம டெட்லைன் முடியற வரைக்கும் பாக்க முடியாது, ஆனா போன வாரம் வெச்சிருந்த 15 பேர பாக்கலாம், எந்த சிப்ப (ஸ்பெஷல் பவர் மாதிரி, ஏழாவது படில வரும்) யூஸ் பண்ணிட்டான்னும் பாக்கலாம். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பேருதான் மாத்தியிருப்பான். ரெண்டு டீமையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, ரெண்டுலயும் இருக்கறவன அடிச்சிருங்க. ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் உங்கிட்டயும் இருக்காரு அவன்கிட்டயும் இருக்காருன்னா அவரு அஞ்சு கோல் அடிச்சாலும் இந்த மேட்ச்ச பொறுத்தவர ஒண்ணுமில்ல, அதுக்கு போயி துள்ளாதீங்க. பதினோரு பேர்ல ஏழெட்டு பேரு இப்டி அடிபட்டு போயிருவாங்க. மிச்சம் இருக்கற மூணுக்கு மூணுதான் உங்க மேட்ச்.

உங்க பக்கம் 3-5-2, மிச்சம் நின்னது: வீட்ல 5-4-1 டீமோட ஆடற ஒரு விங்கர் மிட்ஃபீல்டர், கார்னர் எடுக்கற ஒரு மிட்ஃபீல்டர், பெரிய டீமுக்கு எதிரா போற ஒரு 6ம் நம்பர். அவன் பக்கம் 3-4-3, மிச்சம்: நடுத்தர டீமோட ஸ்ட்ரைக்கர் ஒருத்தன், ஒரு 10ம் நம்பர், இன்னொரு மிட்ஃபீல்டர். இப்ப நாலாவது படி கணக்க போடுங்க. உங்க விங்கருக்கு எடம் கம்மி, அவர நம்பாதீங்க, கார்னர் எடுக்கறவருக்கு வாய்ப்பு, 6ம் நம்பருக்கு கிட்டத்தட்ட 4 உறுதி. அவன் ஸ்ட்ரைக்கர் ஒரு கோல் அடிச்சா 6, ரெண்டு அடிச்சா 10, அடிக்கலைனா 2. அவன் 10ம் நம்பர் எதிர்ல இருக்கற 6ம் நம்பர் காயமா? ஆமான்னா அதுதான் உங்களுக்கு ஆபத்து. ஒரு டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு ஆள மாத்தற வாய்ப்பு, கையில இருந்தா உங்க விங்கர வித்துட்டு அந்த 10ம் நம்பரையே நீங்களும் வாங்கிருங்க, ஆபத்து அடிபட்டு போச்சு. இத தடுப்பு டிரான்ஸ்ஃபர்னு வெச்சுக்கலாம், மொத்த பாயின்ட் லீக்ல இப்டி பண்றது வேஸ்ட், ஹெட் டு ஹெட்ல இது தங்கம்.

கேப்டன் விஷயத்துல புதுசா வர்றவங்க ரொம்ப பயப்படறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் சலாவும் ஹாலண்டும் இருந்தாங்கன்னு வெச்சுக்குங்க, நீங்க சலாவ கேப்டன் போடறீங்க, அவன் ஹாலண்ட. வித்தியாசம் என்ன? சலா பாயின்ட்லேர்ந்து ஹாலண்ட் பாயின்ட்ட கழிச்சா வர்றது, அவ்ளோதான், ரெட்டிப்பெல்லாம் இல்ல. உங்க மிச்ச மூணு பேரு அவன் மூணு பேர விட பலமா இருந்தா அவன் போடற கேப்டனையே நீங்களும் போடுங்க, ரிஸ்க்க சாவடிச்சிருங்க. உங்க மூணு பேரு சொத்தையா இருந்தா வேற ஆள போடுங்க, அங்கதான் உங்களுக்கு ஜெயிக்க வழி.

எக்ஸ்ட்ரா டிரான்ஸ்ஃபருக்கு மைனஸ் 4 ஞாபகம் வெச்சுக்குங்க. வாரத்துக்கு ஒண்ணு ஃப்ரீ, சேத்து வெச்சா அஞ்சு வரைக்கும் போகும். ஒரு வாரத்து ஆசைக்கு மைனஸ் 8 எடுத்துட்டு எறங்கறவன் எதிராளிக்கு ரெண்டு கோல் தானம் பண்ணிட்டு எறங்கறான்.

ஏழாவது படி: டைம்

வாரத்தோட மொத மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு 90 நிமிஷம் முன்னாடி டெட்லைன். லைன் அப் வர்றதுக்கு முன்னாடியே கதவ சாத்திருவான், அதனால யாரு ஆடறான்னு பாத்துட்டு போடலாம்ன்ற பேச்சே இல்ல. சனிக்கெழம அங்க பகல் 12.30 மேட்ச்னா நமக்கு டெட்லைன் மத்தியானம் 3.30. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம அவங்க கடிகாரத்த மாத்துவாங்க, அப்பலேர்ந்து மார்ச் கடைசி வரைக்கும் 4.30. வெள்ளிக்கெழம ராத்திரி 8 மணி மேட்ச் இருந்தா நமக்கு ராத்திரி 11, கடிகாரம் மாத்துனப்பறம் நடுராத்திரி 12. இந்த வெள்ளிக்கெழமதான் பாதி பேர காலி பண்ணும், சனிக்கெழம பாத்துக்கலாம்னு தூங்கிருவாங்க.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு கஷ்டம் இருக்கு. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகெழக்கு பருவமழ, ஒரு பொயல் சின்னம் உருவாச்சுன்னா நாகை, வேதாரண்யம் பக்கம் கரன்ட்டும் போகும் டவரும் போகும். வியாழக்கெழம ராத்திரியே ஓரளவு டீம செட் பண்ணி கேப்டன், வைஸ் கேப்டன், பெஞ்ச் வரிசை எல்லாம் சேவ் பண்ணிருங்க. கோச்சுங்க பிரஸ் மீட்டு பெரும்பாலும் வியாழன் வெள்ளிலதான், யாருக்கு காயம்னு அதுல தெரியும், சிக்னல் இருந்தா வெள்ளிக்கெழம சாயந்தரம் ஒரு தடவ பாத்து மாத்திக்கலாம், இல்லாட்டியும் ஒண்ணும் கெட்டுப்போகாது.

மார்கழி வந்துட்டா அங்க மேட்ச் அடுத்தடுத்து வரும், கிறிஸ்மஸ்லேர்ந்து புது வருஷம் வரைக்கும் மூணு நாளைக்கு ஒரு மேட்ச்கூட நடக்கும். கோச்சுங்க மிட்ஃபீல்டர மாத்தி மாத்தி எறக்குவாங்க, நேத்து 90 நிமிஷம் ஓடுனவன் இன்னைக்கு பெஞ்ச். அந்த வாரங்கள்ல மட்டும் 3-5-2வ விட்டுட்டு 4-4-2க்கு வாங்க, பெஞ்ச்ல ஆடற ஆளு மூணு பேரு இருக்கற மாதிரி பாத்துக்குங்க, ஆட்டோ சப் அப்பதான் உதவும். வைல்ட் கார்டு, ஃப்ரீ ஹிட், பெஞ்ச் பூஸ்ட், டிரிப்பிள் கேப்டன்னு நாலு சிப் இருக்குல்ல, 2025-26லேர்ந்து அத சீசனோட மொத பாதிக்கு ஒரு செட்டு ரெண்டாவது பாதிக்கு ஒரு செட்டுன்னு குடுத்திருக்காங்க. மொத செட்டு 19வது வார டெட்லைனோட காலி. டிசம்பர் கடைசில பொங்க செலவு கணக்கு பாக்கறப்பவே இதையும் ஒரு தடவ பாத்துருங்க, யூஸ் பண்ணாம விட்ட சிப்ப அடுத்த பாதிக்கு எடுத்துட்டு போக முடியாது.